கலைக்காத கொலு

அந்த அக்காவுக்கு நான் செய்து கொடுத்த சாமான்கள் எதுவும், பார்வைக்கு என்னவாகத் தெரிந்ததோ அதுவாக இல்லை. ஸ்டூல் உட்காருவதற்கு அல்ல. தையல் மிஷின் மேஜைக்குள் தையல் மிஷின் கிடையாது. கடைசியாகச் செய்த கொலுப்படி மட்டும் கொலுப்படியாகவும் இருந்தது. வினையும் அதனால்தான் வந்தது.

எல்லாமே ஒரு பூனை மறைவாக வெளிக்குப் போவதற்காக.

அப்போது நான் சாந்த்ராகாச்சியில், ரயில்வே யார்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பேக்கிங் ஷெட்டில் மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியில் ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதன் பிறகு நாக்பூரில் லாரி ஷெட், கரக்பூரில் பெயிண்ட் வேலை என்று சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மாற்றலாகிப் போகிற உத்தியோகஸ்தர்களின் வீட்டுச் சாமானைப் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றி இறக்குவது ஷெட்டின் தொழில். தமிழ்க் குடும்பம் என்றால் முதலாளி என்னை அனுப்புவார். ஏதாவது உடைந்தால் சொந்த பாஷையில் திட்டிக்கொள்ளட்டும் என்பார்.

அக்கா சால்ட் லேக்கில் இன்னொரு பெண்ணோடு குவார்ட்டர்ஸைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தாள். குவார்ட்டர்ஸ் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தது. அவளுக்கு மாற்றல் வரவே, அக்கா டாக்குரியாவில் தனியாக வீடு பிடித்திருந்தாள். மத்திய சர்க்காரின் ஒரு கணக்கு ஆபீசில் வேலை. வேலூர்ப் பக்கம். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லி, கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பாள். நடந்தால் குடை முன்னால் போகும், அவள் பின்னால் போவாள்.

சாமான் அதிகமில்லை. ஒரு கட்டில், டிரங்குப் பெட்டிகள், பாத்திரங்கள், வாயை வேட்டியால் கட்டிய ஓர் அண்டா. அண்டாவை மட்டும் லாரியின் பின்னால் ஏற்றவிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். டாக்குரியாவில் இறங்கும்போது என் கையில் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சாப்பாடு என்று நினைத்தேன். வாசல் கேட்டுக்கு வரும்போது சாப்பாடு உள்ளே புரண்டு படுத்தது.

கேட்டில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ரிட்டையரான வங்காளிக்காரர். மாடியில் அவரும் மனைவியும் மட்டும். கீழே அக்காவுக்கு விட்டிருந்த அறையும் சமையலறையும்.

"முன்னாடியே சொல்லிடறேன்மா. நாய் கூடாது, பூனை கூடாது, கிளி கூடக் கூடாது. என் சம்சாரத்துக்கு மூச்சிழுப்பு. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"புரிஞ்சுது" என்று அக்கா அரைகுறை வங்காளத்தில் சொன்னாள்.

அது பொய்யில்லை. புரிந்துதான் இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் வேட்டியை அவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை எழுந்து நின்று சோம்பல் முறித்தது.

"என்னக்கா இது? அந்த மனுசன் இப்பத்தான சொன்னாரு?"

"கூடாதுன்னாரு. இருக்கான்னு கேக்கலையே."

"கேட்டா?"

"கேட்டா சொல்லிடுவேன்." பூனையின் முதுகைத் தடவினாள். "கேக்காத மாதிரி பாத்துக்கணும்."

இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டுதான் அவள் வாழ்ந்தாள். பொய் சொல்ல மாட்டாள். நான் பழகிய காலத்தில் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் யாருக்கும் கேள்வி எழாதபடி வீட்டை அடுக்குவாள், நாளை அடுக்குவாள், தன்னையும் அடுக்கிக்கொள்வாள். கல்யாணம் ஆயிற்றா, ஆகி என்ன ஆயிற்று என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதனாலேயே கேட்கவில்லை.

தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்த ஊரில் வீடு கிடைப்பது லேசில்லை. பல வாசல்களில் முதல் கேள்வியே புருஷனைப் பற்றித்தான். டாக்குரியாக்காரர் ஒருவர்தான் அதைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர். அந்த வீடு போனால் வேறு கிடையாது என்பது அக்காவுக்குத் தெரியும். பூனையை விடுவது என்கிற பேச்சும் அவளிடம் கிடையாது. ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பிறந்த பூனை அது. தாய் எங்கோ போய்விட, இங்க் பில்லரால் பால் கொடுத்து வளர்த்திருந்தாள். அதை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். "சாப்பிட்டீங்களா?" "அங்க ஏறாதீங்க." என்னை 'வா, போ' என்பாள்.

முதலில் குளியலறையில் ஒரு பழைய பேசினில் மண்ணைப் போட்டு, வாளிக்குப் பின்னால் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் குழாயைப் பார்க்க வருகிறேன் என்றதும் பூத்திலிருந்து ஷெட்டுக்குப் போன் பண்ணினாள்.

"எனக்கு ஒரு பெட்டி வேணும். பெட்டி மாதிரி இருக்கக் கூடாது."

பக்கவாட்டில் வழி வைத்து, சுவரைப் பார்த்த மாதிரி ஒரு மூடிய ஸ்டூல் செய்து கொடுத்தேன். மண்ணுக்குப் பதிலாக ஷெட்டின் மரத்தூள். அதில் அடுப்புக்கரியைப் பொடித்துக் கலந்துவிடுவாள். கரி நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் வீட்டுக்காரரின் மனைவி பார்க்க வந்து அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளைத் தெருவே மாஷிமா என்று கூப்பிடும். நம் ஊரில் சித்தி என்பது மாதிரி. அவர் உட்கார்ந்தபோது பூனை உள்ளே இருந்தது. மாஷிமா தன் மகளின் பிரசவக் கதையை முழுதாகச் சொல்லி எழுந்து போகும்வரை அது அசையவில்லை.

"அவங்களுக்கு விவரம் ஜாஸ்தி" என்றாள் அக்கா, என்னிடம். பூனையைச் சொன்னாள்.

வெளியேற்றுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கல்கத்தாவில் தயிர் சின்ன மண்சட்டியில் வரும். ஆபீஸ் கேன்டீனில் தின்றுவிட்டுப் போடுகிற காலிச் சட்டிகளைப் பையில் கொண்டுவருவாள். பூனை போனதைச் சட்டியில் போட்டு, வாய்க்குத் தாள் வைத்து நூலால் கட்டி, காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும் குப்பை வண்டியில் போடுவாள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துச் சிரிப்பார்.

"மதராசிங்க என்னமா தயிர் சாப்பிடறீங்க!"

அக்காவும் சிரிப்பாள். அவளுக்குத் தயிர் ஆகாது.

ஸ்டூல் ஆபத்து என்று ஆன பிறகு, உட்காரத் தோன்றாத சாமானாக வேண்டும் என்றாள். மூடி போட்ட தையல் மிஷின் மேஜை ஒன்றைச் செய்தேன். மிதிகட்டைகூட வைத்திருந்தேன். மேலே பூத்துணி விரித்தாள். பார்த்த மாஷிமா, "மிஷின் இருக்கா? எனக்கு இந்தப் புடவைக்கு ஃபால் அடிச்சுத் தர்றியா?" என்று கொண்டுவந்தார். மிஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்டதால் அக்கா தப்பித்தாள். தருகிறேன் என்று இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னாள். கையாலேயே தைத்தாள். மிஷின் தையல் மாதிரி பொடிப்பொடியாக. அதோடு முடியவில்லை. எதிர்வீட்டுக்காரி கொண்டுவந்தாள், கோடிவீட்டுக்காரி கொண்டுவந்தாள். துர்கா பூஜைக்கு முன்னால் தெருவில் பாதிப் பேரின் புடவை அக்காவின் விரலில்தான் ஓடியது. நான் போனபோது விரல் நுனியெல்லாம் துணி சுற்றியிருந்தாள்.

"இது வேலை வாங்கற சாமானா இருக்கு. எடுத்துடு. யாரும் எதுக்கும் கேக்காத சாமான் எதுன்னு யோசிச்சேன். சாமிதான்" என்றாள்.

கொலுப்படி அப்படித்தான் வந்தது. எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. அடுத்த வீடுகளில் சுண்டல் வாங்கித் தின்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் தாளில் போட்டுக் காட்டினாள். ஐந்து படி, உள்ளே கூடு. முன்னால் தரைவரை தொங்கும் வெள்ளை வேட்டி. சுவர் ஓரத்தில் பூனை நுழையும் அளவுக்குச் சந்து. உள்ளே மரத்தூள் தட்டு. டிரங்குப் பெட்டியில் அம்மா வீட்டு பொம்மைகள் இருந்தன. மேலே தேவி, பெருமாள், தசாவதாரம், கீழே செட்டியார் கடை. நவராத்திரியும் அவர்கள் பூஜையும் ஒரே சமயம் என்பதால் மாடியில் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

"ஓ மா! இத்தனை சாமியா!" என்று மாஷிமா வாசலிலேயே கைகூப்பி நின்றுவிட்டார்.

விஜயதசமி முடிந்த பிறகு, கலைப்பதற்கு உதவலாம் என்று போனேன். பொம்மைகள் அப்படியே இருந்தன.

"கலைக்கலையாக்கா? தசமி அன்னைக்கு ஒரு பொம்மையைப் படுக்க வச்சுட்டு, எல்லாத்தையும் எடுத்துரணும்னு சொல்லுவாங்களே?"

"யாரு சொல்லுவாங்க?"

"நம்ம ஆளுக."

"இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க யாரு இருக்காங்க?"

அவள் சொன்னது சரிதான். வங்காளிகளுக்கு இது மதராசிகளின் பூஜையறை. வருஷம் முழுக்க இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டார்கள். கொலு கார்த்திகையிலும் இருந்தது, மார்கழியிலும் இருந்தது. ஒன்றை மட்டும் அக்கா கணக்கில் எடுக்கவில்லை. சாமி வைத்த இடத்துக்கு ஆள் வரும்.

அவர்கள் பூஜையும் தசமியோடு முடிகிறது. தெருவில் கூடாரம் போட்டு வைத்திருந்த துர்க்கையை லாரியில் ஏற்றிக் கங்கைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் மூங்கில் கட்டு மட்டும் நிற்கும். அந்தச் சமயத்தில் ஊருக்கே சாவு விழுந்தது மாதிரி இருக்கும். மாஷிமாவின் ஒரே மகள் கட்டிக்கொண்டு பம்பாய்ப் பக்கம் போய்விட்டவள். அவருக்கு அந்த வெறுமை தாங்கவில்லை. தினமும் சாயங்காலம் நாலு செம்பருத்தியோடு கீழே இறங்கி வந்துவிடுவார். கொலுவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்காருவார். போகும்போது நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிடுவார்.

"எல்லா இடத்துலயும் அம்மாவை அனுப்பிட்டோம். உன் வீட்ல மட்டும்தான் இன்னும் இருக்கா" என்பார்.

அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள். வேட்டிக்குப் பின்னால் சில சமயம் மரத்தூள் லேசாகச் சரசரக்கும்.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடு வேலை பார்க்கிறவரின் மனைவி ஒருத்தி, சால்ட் லேக்கிலிருந்து சர்க்கரைப் பொங்கலை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர்க்காரி. நான் மரத்தூள் சாக்கோடு வந்த அதே நேரம். இருவரும் வாசலில் நின்றோம். உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"எழுந்திருங்க. யாரோ வந்திருக்காங்க. என் தலைகாணியை விட்டு எழுந்திருங்கன்னா! சட்டுனு உள்ள போங்க."

சால்ட் லேக் அம்மாவின் முகம் மாறியது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் தலையணை குழிந்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அந்த அம்மா அந்தக் கதவுக்கு எதிரே பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். நாகரிகம் தெரிந்தவள், அதைக் கேட்கவில்லை. கொலுவைக் கேட்டாள்.

"என்னங்க இது? தை பொறந்தாச்சு, இன்னும் கொலுவை எடுக்கலியா?"

நான் சாக்கைப் பிடித்தபடி நின்றேன். நேரடியான கேள்வி. அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"எடுத்தா பூனைக்கு இடம் இல்லைங்க."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா பேசறீங்க போங்க." கிளம்பும்போது குளியலறைக் கதவை ஒரு முறை, என்னை ஒரு முறை, சாக்கை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள். அந்த வாரமே அக்கா வீட்டில் ஓர் ஆள் இருக்கிறான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. சிலர் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்கள்.

"இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதானக்கா?"

"யாரும் கேக்கல." பூனைக்கு மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னைப் பத்தித்தானே பேசறாங்க, பேசட்டும். இவங்களைப் பத்திப் பேச்சு வரலையே."

அந்தக் குளிர்காலத்தில் மாஷிமாவுக்கு இழுப்பு அதிகமானது. மாடியிலிருந்து கீழே கேட்கும். ஈர மரத்தில் ரம்பம் சிக்கிச் சிக்கி வருகிற சத்தம். டாக்டர் வந்து மருந்து மாற்றினார். பனி, கரி அடுப்புப் புகை, சாயங்காலம் போடுகிற சாம்பிராணி, எல்லாவற்றையும் காரணம் சொன்னார். வீட்டுக்காரர் சாம்பிராணியை நிறுத்தினார். இழுப்பு நிற்கவில்லை. மாஷிமா கீழே வருவதையும் நிறுத்தவில்லை. இப்போது மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தார்.

அக்கா அறையை நாளுக்கு மூன்று தடவை துடைத்தாள். பூனையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அது ஒட்டிய மயிரோடு திரிந்தது. "குளிர்ல இறங்காதீங்க மாஷிமா, பூவைக் குடுத்து அனுப்புங்க, நான் வைக்கறேன்" என்று பார்த்தாள்.

"பூ வைக்கவா வர்றேன்? உக்காரத்தானே வர்றேன்" என்றார் மாஷிமா.

மேல்படியிலிருந்த தேவி பொம்மையை எடுத்து, "இதை உங்க ரூம்லயே வச்சுக்கங்க" என்று கொடுத்தாள். மாஷிமா வாங்கவில்லை. "குடும்பமா உக்காந்திருக்காங்க. ஒருத்தியை மட்டும் பிரிச்சுக் கொண்டுபோலாமா?"

அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். சமையலறையில் நின்று மாடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மார்கழி, தையில இந்த ஊர்ல யாருக்குத்தான் இழுக்கலை? டாக்டரே புகைன்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"அவருக்குப் பூனை இருக்கறது தெரியாதே" என்றாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் கேட்டில் நுழையும்போது வீட்டுக்காரர் என்னைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மிஸ்திரி, நீ கைவேலை தெரிஞ்சவன். உண்மையைச் சொல்லு. அந்த ரூம்ல ஏதாவது இருக்கா? அங்க உக்காந்துட்டு வந்தாத்தான் இவளுக்கு ஜாஸ்தியாகுது."

நான் வெளிச்சுவரைத் தட்டிக் காட்டினேன். "ஈரம், பாபு. சுவர் ஊறியிருக்கு. உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு."

சுவர் ஈரம்தான். கல்கத்தாவில் எந்தச் சுவர் ஈரமில்லை? பொய்யில் பாதி உண்மையைக் கலந்தால் நிற்கும். நாக்பூர் லாரி ஷெட்டில் கற்றுக்கொண்டது. அவர் தலையாட்டினார். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைச் சுரண்டிப் பூசிவிடுவதாகச் சொன்னார்.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது என்கிற சந்தோஷம் எனக்கு.

"பூசற வரைக்கும் கொலுவை மாடியில அவங்க ரூம்லயே வச்சுக்கிடுதாங்களாம். படியோட. மாஷிமா ஏறி இறங்க வேண்டாம்ல? நாளைக்கு ஆள் வருது. நீங்க தட்டை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

அக்கா கொலுப்படியைப் பார்த்தாள். மாதக்கணக்கில் பூனை புழங்கிய கூடு. உள்பலகை எல்லாம் மயிரும் நாற்றமுமாக ஊறியிருந்தது. அது மாஷிமாவின் தலைமாட்டுக்குப் போகப்போகிறது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"மேல."

"உங்களைக் கேக்கலையேக்கா! என்னைத்தான கேட்டாரு? நான் சொல்லி முடிச்சாச்சு."

"கேக்கட்டும்னு உக்காந்திருக்கற நேரமா இது?" என்றாள்.

பின்னாலேயே ஏறினேன். மாஷிமா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். வீட்டுக்காரர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிலைப்படியைத் தாண்டவில்லை. தன் அரைகுறை வங்காளத்தில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள்.

"கொலுவுக்குக் கீழ பூனை இருக்கு. நான் வந்த நாள்லேர்ந்து இருக்கு. நீங்க கூடாதுன்னு சொன்னப்பவும் இருந்துச்சு."

வீட்டுக்காரர் என்னைத்தான் முதலில் பார்த்தார். "ஈரம்னு சொன்னியே?"

"ஈரமும் இருக்கு பாபு" என்றேன்.

மாஷிமா மெதுவாகக் கேட்டார். "கொலுவுக்குக் கீழ பூனைக்கு என்ன வேலை?"

அக்கா அதற்கும் பதில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வங்காளத்தில் அதற்கு நாசூக்கான வார்த்தை இல்லை. குழந்தைகள் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

மாஷிமாவின் மூச்சு ரம்பமாக இழுத்தது.

"நான் அங்க தரையில நெத்தியை வச்சேனே" என்றார் மாஷிமா.

"ஆமா மாஷிமா."

"தினமும் வச்சேன்."

"ஆமா."

"நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தே."

"பாத்தேன்."

மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தாளோ என்னவோ. மாஷிமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். இந்த மாதம் முடியட்டும் என்று மட்டும் சொன்னார். சரி என்றாள் அக்கா.

மறுநாள் கொலுவைக் கலைத்தோம். பொம்மைகளைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். படியை நான் உடைத்தேன். உள்பலகை கறுத்துப்போயிருந்தது. கரி எவ்வளவு போட்டும் என்ன, வெளியே கொண்டுவந்ததும் தெருநாய் நின்று மோந்துவிட்டுப் போனது. மாஷிமா அன்று சாயங்காலம் இறங்கவில்லை. அதன்பிறகும் இறங்கவில்லை.

வீடு தேடும்போது நான் கூடப் போனேன். ஆண்பிள்ளை ஒருவன் கூட இருந்தால் நல்லது என்று நான்தான் சொன்னேன். ஆனால் கதவு திறந்ததும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "எங்கிட்ட ஒரு பூனை இருக்கு" என்பதுதான். வாடகையைக்கூட அதற்கப்புறம்தான் கேட்பாள். நான் முறைப்பேன். கதவு சாத்திக்கொள்ளும். ஆபீசிலும் இப்போது அதைச் சொல்லியிருந்தாள். சால்ட் லேக் அம்மா, "பூனைதானா?" என்று கேட்டாளாம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கடைசியில் எங்கள் பக்கமே கிடைத்தது. சாந்த்ராகாச்சியில் யார்டுக்கு அந்தண்டை, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சொந்தக்காரர் ஆடு வளர்க்கிறவர். பூனை என்றதும், "ஆடு ராத்திரியெல்லாம் கத்தும், உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். யார்டில் வண்டிகளை ஷண்டிங் செய்கிற சத்தத்தில் ஆடு கத்துவது எங்கே கேட்கப்போகிறது? ஆபீஸ் போக ரயில், பஸ் என்று அரை நாள் போனது. மழைக்குத் தகரம் ஒழுகியது. என்னிடம் எந்தச் சாமானும் செய்யச் சொல்லவில்லை. மரத்தூள் மட்டும் கேட்டாள்.

சித்திரை வாக்கில் டாக்குரியாவில் அதே தெருவில் ஒரு வீட்டுக்குச் சாமான் கட்டப் போனேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இளைத்துப்போயிருந்தார்.

"பூனையும் போச்சு. சுவரையும் பூசியாச்சு. பனியும் போயிடுச்சு" என்றார். "அவளுக்கு அப்படியேதான் இழுக்குது, மிஸ்திரி."

சொல்லிவிட்டு மருந்துக் கடைப் பக்கம் நடந்தார். எனக்கு லாரி காத்திருந்தது.

சனிக்கிழமை மதியம் மரத்தூளோடு அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூனையால இல்லக்கா அந்த இழுப்பு. இன்னும் அப்படியேதான் இருக்காம். அவரே சொன்னாரு. வீணா நல்ல வீட்டை விட்டீங்க."

அவள் கை நிற்கவில்லை. "விட்டதாலதானே பூனையால இல்லைன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சு என்ன புண்ணியம்?"

"பூனை இல்லைன்னா வேற ஏதோ இருக்கு. அதைத் தேடணுமே. நெஞ்சுல கோளாறா இருந்தாலும் மூச்சு இழுக்கும்பாங்க. வேற டாக்டர்கிட்ட காட்டினாங்களாமா?"

"தெரியலைக்கா."

"நீ கேக்கலையா?"

"நமக்கு எதுக்குன்னு வந்துட்டேன்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போய்க் கேளு" என்றாள்.

"நாளைக்குப் போறேன்க்கா."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஒரு டாக்டரும் இருக்க மாட்டாங்க. இப்பவே போ. பெரிய ஆஸ்பத்திரியில நெஞ்சைப் பாக்கச் சொன்னேன்னு சொல்லு. யாரு சொன்னாங்கன்னு கேட்டா என்னைச் சொல்லு."

ஹவுரா வண்டி யார்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.